தலைப்பொங்கலுக்குச் செதுக்கிய சூரியன்

ஒட்டம்பாறையில் சூரியன் மேற்கே உதித்த வருஷத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், சொல்லட்டும், யார் வாயையும் நாம் அடைக்க முடியாது, ஆனால் அது ரப்பர் ஸ்டாம்ப் கடை தில்லைவடிவின் கையால் நடந்தது என்பதை மட்டும் ஒருத்தரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஊரில் பிள்ளை பிறந்தது பிறந்ததாகவும், செத்தவர் செத்ததாகவும், இந்தக் கிணறு இன்னாருடையதாகவும் ஆவது வடிவு வெட்டிக்கொடுத்த முத்திரை காகிதத்தில் விழுந்த பிறகுதான். தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய கடையில், இருபத்திரண்டு வருஷமாக அவள் ரப்பரில் எழுத்துகளைத் திருப்பித் திருப்பிச் செதுக்கிக்கொண்டிருந்தாள். தாசில்தார்கள் மாறிப் போவார்கள், வடிவு வெட்டிய தாசில்தார் முத்திரை மட்டும் மேசையிலேயே இருக்கும். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஊருக்கு நடுவில், கவிழ்த்து வைத்த பானை மாதிரி, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே உருண்டையாக ஒரு பாறை நிற்கிறது. அதற்குக் கிழக்கே கீழ்ப்பாறை, மேற்கே மேல்பாறை. கோயில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ் எல்லாம் கீழ்ப்பாறையில். மேல்பாறைக்கு வாய்த்தது பாறையின் நிழல். கீழ்ப்பாறையில் ஆறரைக்கு விழுகிற வெயில் மேல்பாறைக்கு வந்து சேர எட்டு மணி ஆகும், அதுவரைக்கும் கொடியில் போட்ட சேலை ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும், உங்கள் ஊர்ச் சேவல் பல் விளக்கிவிட்டுத்தான் கூவுமோ என்று கீழ்ப்பாறைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். மற்ற நாளில் அந்தக் கேலியை உதறிவிட்டுப் போகலாம். பொங்கலன்று முடியாது.

அந்த ஊர் வழக்கம் அப்படி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைப்பொங்கல் வந்தால், புருஷன் வீட்டு வாசலில் அவள் வைக்கிற பானை பொங்கி வழிந்ததும் அதில் விழுகிற முதல் கை அரிசி பிறந்த வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அம்மாவோ தன் வீட்டுப் பானை பொங்காமல் வாசல் தாண்டக் கூடாது. பானையோ வெயில் மேலே பட்ட பிறகுதான் பொங்க வேண்டும், அதற்கு முன்னால் பொங்கினால் அதற்குப் பெயர் பொங்கல் இல்லை, வெறும் சோறு. ஆகக்கூடி, மேல்பாறைப் பெண்ணைக் கீழ்ப்பாறையில் கொடுத்த அம்மா எட்டு மணி வெயிலுக்குக் காத்திருந்து, பானை பொங்கி, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றி அரை மணி நேரம் இரைக்க இரைக்க நடந்துபோய்ச் சேரும்போது, கீழ்ப்பாறையில் பொங்கல் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். பெண் மாமியார் வீட்டு மூட்டையிலிருந்தே அரிசி அள்ளிப் போட்டிருப்பாள். உன் வீட்டு அரிசி மாட்டுப்பொங்கலுக்கு ஆகட்டும் என்று யாராவது ஒரு சொல் சொல்வார்கள், அந்தச் சொல் அந்தப் பெண்ணோடு கூடவே இருந்து கிழவியாகும். இது எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கடை கீழ்ப்பாறையில் இருந்தாலும் வடிவு மேல்பாறைக்காரி, அந்த ஆவணியில்தான் தன் ஒரே மகள் பூர்ணகலாவைக் கீழ்ப்பாறையில் கொடுத்திருந்தாள். நல்ல பையன், நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணத்தன்று தாலி ஏறும்போதே வடிவின் மனசு தை மாசத்துக்குப் போய்விட்டது. ஊருக்கே முத்திரை வெட்டுகிற நான் மகள் வாசலில் பிந்திப்போய் நிற்பதா என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. என்ன செய்ய, பாறையை நகர்த்தவா முடியும்? அரிசிதான் பிந்தும், கையோடு கொண்டுபோகிற வாழ்த்து அட்டையாவது கீழ்ப்பாறைக்காரர்கள் கண்ணால் கண்டிராத அட்டையாக இருக்கட்டும் என்று மார்கழி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, கடையைத் திறந்து உட்கார்ந்தாள்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவரிடம் கேட்டு வாங்கிய தந்த நிறத்துக் கனத்த அட்டையில், மகளுக்கும் சொந்தபந்தங்களுக்குமாக, நாற்பத்தொன்றை உள்ளங்கை அகலத்துக்கு மடித்து, மடிப்பை நகத்தால் நீவி அடுக்கினாள். கரும்புக்கு ஒரு கட்டை, மஞ்சள் கொத்துக்கு ஒரு கட்டை, வாழ்த்து வாசகத்துக்கு ஒரு கட்டை என்று ஏற்கெனவே வெட்டி மரப்பிடியில் ஒட்டி வைத்திருந்தாள், பச்சை மையில் தோய்த்துக் கரும்பையும், மஞ்சள் மையில் கொத்தையும், குங்குமச் சிவப்பில் எழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பதித்தாள். மிச்சமிருந்தது பாறையும் சூரியனும். தெற்கே கண்மாய்க்கரையில் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி, நடுவில் பாறை, அதன் வலதுகைப் பக்கம் கிழக்கே பாதி எழுந்த சூரியன். இருபத்திரண்டு வருஷத்தில் வடிவு படம் செதுக்கியது குறைவு. எழுத்து என்றால் அவள் கை தானாகத் திரும்பிவிடும், செதுக்கியது இடம் வலம் மாறித்தான் தாளில் விழும் என்று விரலுக்கே தெரியும். பாறையோ இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கிற பாறை, அதனால் விரலுக்குச் சந்தேகம் வரவில்லை, மகள் ஞாபகத்தில் இருந்த வடிவுக்கும் வரவில்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடியே நேராகச் செதுக்கிவிட்டாள்.

பாறைக்குச் சாம்பல் மை. சூரியனுக்குச் சீக்கிரம் காயாத பசை மை. பதித்த ஈரம் காய்வதற்குள் தங்கப்பொடியைத் தூவி, அட்டையைச் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டாத பொடி கொட்டிப்போகும். பிறகு துணி தேய்க்கிற பெட்டியைச் சூடாக்கிக் கவிழ்த்து வைத்து, அதன் சூட்டுக்கு மேலே அட்டையை ஒரு விரல் உயரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது, பொடி பொடியாகவே இருக்கும், பொறுக்காமல் இறக்கினவர்கள் கெட்டார்கள். பொறுத்தால், ஒரு ஓரத்தில் இளகி, பளபளத்து, அந்தப் பளபளப்பு மறு ஓரத்துக்கு ஓடி, தோசைக்கல்லில் மாவு எழும்புவது போலச் சூரியன் காகிதத்தைவிட்டு எழும்பி நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். நாற்பத்தொன்றையும் அப்படி எழுப்பி, வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தபோதுதான் வடிவுக்குத் தெரிந்தது, சூரியன் பாறைக்கு இடதுகைப் பக்கம், மேல்பாறை வீடுகளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவள்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். வேறு அட்டை இல்லை, பொடியும் தீர்ந்திருந்தது. மறுபடியும் பார்த்தாள். வேலையில் ஒரு குறை இல்லை, ஒரு கோடு பிசிறவில்லை, ஒரு சூரியன் கருகவில்லை. அவள் அதுவரை செய்த எதுவும் அத்தனை அழகாக இருந்ததில்லை. முத்திரை விழுந்தால் விழுந்ததுதான் என்று சொல்லிக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சூரியன் மேல்பாறையில் உதித்தது.

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதுகில் சூடு பட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சீக்கிரம் வந்திருக்கிறது என்று அதற்காகவே கொஞ்சம் அவசரமாகக் கோலத்தை முடித்தார்கள். அன்று மத்தியானம் எல்லார் தலைக்கும் மேலே ஒழுங்காக நின்று, சாயங்காலம் கீழ்ப்பாறைப் பக்கம் இறங்கி அடைந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஊர் எல்லைக்கு வெளியே எதுவும் மாறவில்லை, கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிழக்கு கிழக்காகவே இருந்தது. வடிவின் வீட்டுக்காரர் சொர்ணப்பாண்டி டவுன் பஸ்ஸில் கண்டக்டர், காலை முதல் நடை பாலத்தைத் தாண்டும்போது ஒரு பக்கத்து ஜன்னலில் அடித்த வெயில் சட்டென்று மறுபக்கத்து ஜன்னலுக்கு மாறும், அதனால் அங்கே அரை நிமிஷம் வண்டியை நிறுத்தி, எழுந்து மாறி உட்காருங்கள் என்று ஒரு விசில் கொடுப்பார், நாலாம் நாளிலிருந்து ஜனங்கள் விசிலுக்குக் காத்திராமலே மாறி உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர், பரீட்சையில் கேட்டால் கிழக்கு என்று எழுதுங்கள், வீட்டில் யாராவது கேட்டால் ஜன்னலைத் திறந்து காட்டுங்கள் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார். கோயில் அம்மன் கிழக்கே பார்த்து இருப்பவள், அவள் முகத்தில் காலை வெயில் படாமல் போகிறதே என்று பூசாரி எதிரே ஓர் ஆளுயரக் கண்ணாடியை மாட்டி வெயிலைத் திருப்பிவிட்டார், அம்மன் தன்னையும் அதில் பார்த்துக்கொண்டாள். மேல்பாறைப் பெண்கள் பொழுது விடிந்ததும் வற்றல் காயப்போட்டார்கள், பத்து மணிக்கே அள்ளினார்கள். பட்டணத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் கருவிகளோடு வந்து மொட்டைமாடியில் மூன்று நாள் நின்று, குறித்து, கூட்டிக் கழித்து அறிக்கை எழுதினார்கள், கடைசியில் முத்திரை கொண்டுவர மறந்துவிட்டோமே என்று வடிவின் கடைக்குத்தான் வந்தார்கள். வெட்டிக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அட்டையைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் வாரக் கடைசிக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கீழ்ப்பாறையில் ஈரத்துணி சொட்டத் தொடங்கியது. பால்காரர் இருட்டில் தடுமாறினார். காத்திருப்பது என்றால் என்னவென்று கீழ்ப்பாறைக்காரர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, அதுவும் பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது.

முதலில் வந்தது பூர்ணகலாவின் மாமியார் ஆவுடைத்தங்கம். நெட்டையான மனுஷி, பட்டுச்சேலை கட்டாமல் தெருவில் இறங்க மாட்டாள், அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். சம்பந்தியின் கடைக்கு வந்து காபிகூடக் குடிக்காமல் அங்கே இருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள், வடிவு நின்றாள்.

“மதினி, அந்த அட்டைய மாத்தி அடிச்சிருங்க. எங்க தெருவுல என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்காங்க. உங்க சம்பந்தி செஞ்ச வேலைன்னு சொல்லுதாங்க.”

வடிவு, பொங்கல் முடியட்டும் மதினி என்றாள். ஆவுடைத்தங்கம் விடவில்லை. மகளுக்கு ஒரு சொல் வந்துவிடும் என்றுதானே இத்தனையும், அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன், போதுமா என்றாள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், தெரு சொல்லுமே என்றாள் வடிவு. ஆவுடைத்தங்கம் மேசையில் சிதறியிருந்த ரப்பர்ச் சீவலை விரலால் ஒதுக்கினாள்.

“நானும் மேல்பாறைதான், உங்களுக்குத் தெரியாதா? எங்க அம்மா வரும்போது மணி ஒம்பது. தட்டத் தலையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா, உள்ள வரவே இல்ல. முப்பத்திரண்டு வருசமா அந்தச் சொல்லைக் கேட்டுட்டேன், செத்தா போயிட்டேன்? உங்க மகளும் கேக்கட்டும்.”

வடிவுக்கு அது தெரியும், ஊருக்கே தெரியும், ஆனால் ஆவுடைத்தங்கம் முப்பத்திரண்டு வருஷமாக மேல்பாறையை அந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொல்வாள், தன் அம்மாவைப் பற்றி வாயே திறந்ததில்லை. அந்த அம்மா மாடத்தி, செத்துப் பல வருஷம் ஆகிறது. வடிவுக்குக் கோபமும் வந்தது, அதற்கு மேல் பாவமாகவும் இருந்தது, இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், கேட்க மாட்டாள் மதினி, என் மகள் கேட்க மாட்டாள் என்று மட்டும் சொன்னாள். ஆவுடைத்தங்கம் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் இரண்டு பாறையும் கூடியது. கீழ்ப்பாறைப் பெரியவர்கள் எல்லாச் சட்டமும் பேசினார்கள். போட்ட முத்திரையை இன்னொரு முத்திரைதான் ரத்து பண்ண முடியும், ஆகவே வடிவு சரியாக ஒரு கட்டை செதுக்கி, சூரியனை வலதுகைப் பக்கம் பதித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்றார்கள். உன் கை தப்பிவிட்டது என்று ஒத்துக்கொள்ளம்மா, இதில் என்ன கௌரவம் என்றார் ஒருவர். வடிவு எழுந்தாள்.

“செதுக்கினது தப்புதான். விழுந்தது சரி.”

மேல்பாறைப் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அப்போது கீழ்ப்பாறைக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, நான் என் மகளை மேல்பாறையில் கொடுத்திருக்கிறேன், அவளுக்கும் இதுதான் தலைப்பொங்கல், நான் பிந்திப்போவேனே அக்கா என்றாள். அழவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். இத்தனை பெரியவர்கள் பேசியும் அசையாத வடிவு அதற்கு அசைந்தாள். தன் வயிற்றில் ஆவணியிலிருந்து எரிந்த அதே நெருப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் எரிவதைப் பார்த்தாள். இந்த வருஷம் எங்கள் பக்கம், அடுத்த வருஷம் உங்கள் பக்கம் செதுக்குவேன், அப்படி மாற்றி மாற்றி என் கை ஓடுகிறவரை செதுக்குவேன், உன் மகளுக்கு அடுத்த வருஷப் பொங்கலைத் தலைப்பொங்கலாக எண்ணிக்கொள்வதென்று மேல்பாறை சம்மதிக்கும் என்றாள். மேல்பாறை சம்மதித்தது. இந்த வருஷமே ஏன் எங்கள் பக்கம் ஆகக் கூடாது என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, எங்கள் அம்மாமார் பிந்திப்போன வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் போட்டீர்களா தாத்தா என்று வடிவு கேட்டாள். தீர்மானத்தை எழுதி, வடிவு வெட்டிய ஊர் முத்திரையையே அதன்மேல் வைத்தார்கள்.

பொங்கலன்று காலை ஆறரைக்கு மேல்பாறை வாசல்களில் வெயில் வந்து விழுந்தது. வடிவின் பானை பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. முதல் கை அரிசியைப் போட்டுவிட்டு, சீர்த்தட்டில் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, மகளுக்கு எடுத்த சேலை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டை என்று அடுக்கினாள், கரும்பைச் சொர்ணப்பாண்டி தோளில் சாய்த்துக்கொண்டார். ஆனால் அவள் நேரே கீழ்ப்பாறைக்குக் கிளம்பவில்லை, முதலில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போய், அங்கே பானை பொங்குகிறவரை நின்று, ஒரு மஞ்சள் துணி முடிச்சை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தெருமுனைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் மேல்பாறையே வந்துகொண்டிருந்தது. தலைப்பொங்கல் முடிந்து பத்து வருஷம், இருபது வருஷம், நாற்பது வருஷம் ஆன மகள்களின் அம்மாக்கள், பேரன் கல்யாணம் பார்த்தவர்கள், முட்டி தேய்ந்து குச்சி ஊன்றினவர்கள், நடக்கவே முடியாத ஒருத்தி ஆட்டோவில், எல்லார் தலையிலும் தட்டு. தாங்கள் பிந்திப்போன அந்த ஒரு நாளுக்கு இன்றைக்காவது நேரத்தோடு போய்விட வேண்டும் என்று யாரும் யாரையும் கூப்பிடாமலே கிளம்பியிருந்தார்கள். வடிவு முன்னால் நடந்தாள். பாறையின் வளைவில் வெயிலைவிட்டு நிழலுக்குள் நுழைந்தபோது எல்லாருடைய சேலையிலும் மேல்பாறைச் சூடு இருந்தது. தன் கை வேலைக்குப் பின்னால் இத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அவள் அதை மறைக்கவும் இல்லை.

கீழ்ப்பாறையில் இன்னும் குளிர். வாசலுக்கு வாசல் அடுப்பு மூட்டி, பானை வைத்து, பாறை உச்சியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அந்த ஊர்வலம் தெருவுக்குள் வந்ததும், நரைத்த தலையோடு இருந்த மருமகள்கள் எல்லாம் சின்னப் பெண்கள் மாதிரி எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தட்டு இறங்கியது.

ஆவுடைத்தங்கம் வாசலில் இரண்டு பானை, ஒன்று பூர்ணகலாவுடையது, மற்றது மாமியாருடையது. பூர்ணகலா அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து தட்டை வாங்கினாள், அட்டையை எடுத்துச் சூரியனைக் கட்டைவிரலால் தடவினாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆவுடைத்தங்கம் வாங்க என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு வெயில் பாறையைத் தாண்டி வாசலில் விழுந்தது. பூர்ணகலாவின் பானை பொங்கியது, அவள் அம்மா வீட்டு அரிசியைக் கைநிறைய அள்ளிப் போட்டாள், தெரு குலவை இட்டது. வடிவுக்கு வேண்டியது அவ்வளவுதான், அது நடந்துவிட்டது.

ஆவுடைத்தங்கத்தின் பானை இன்னும் பொங்கவில்லை. வடிவு அந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள்.

“மதினி, இது மாடத்தியம்மா வீட்டு அரிசி. உங்க தம்பி பொண்டாட்டி பான பொங்கினதும் அளந்து குடுத்தா. உங்க அம்மாவுக்குப் பதிலா நான் கொண்டாந்திருக்கேன்.”

ஆவுடைத்தங்கம் முடிச்சைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். வாங்கவில்லை. கை மட்டும் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தது, ஈரம் இல்லாத கையைத் துடைத்துத் துடைத்து என்ன வரப்போகிறது. பானையில் பால் விளிம்புக்கு ஏறியது. அத்தை, பொங்குது என்று பூர்ணகலா மெல்லச் சொன்னாள். பால் விளிம்பைத் தாண்டியதும் அந்த நெட்டை மனுஷி முடிச்சைப் பறித்துப் பல்லால் கடித்து அவிழ்த்து, முதல் கை அரிசியைப் பானையில் போட்டாள். பிறகு நிமிர்ந்து, குலவை இடுவதற்காக வாயைத் திறந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படியே நிற்கும்படி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கிற குரலில் சொன்னாள்:

“எங்க அம்மா வீட்டுல இருந்து வந்துட்டாங்க.”